அண்ணன் தம்பி, மாமன் மச்சான்: வீரப்பன் கூட்டம் எழுந்ததும் விழுந்ததும்

வீரப்பன் என்றதும் பெரிய மீசையும் தோளில் மாட்டிய துப்பாக்கியும்தான் கண்முன் வருகின்றன. பத்திரிகைகளும் சினிமாவும் அந்த ஒற்றை முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தொழில் இருந்தது. மரம் வெட்ட ஆள், சுமக்க ஆள், அரிசி பருப்பு கொண்டுவர ஆள், போலீஸ் ஜீப் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள், அடிவாரத்தில் லாரி, சமவெளியில் வியாபாரி என்று நீண்ட சங்கிலி அது. அதன் நடுக்கண்ணியை மட்டும் வெளியாள் யாரும் தொட முடியாது. அங்கே இருந்தவர்கள் சொந்தக்காரர்கள். அந்தச் சொந்தபந்தம் இருந்தவரை கூட்டம் நின்றது, அது ஒவ்வொன்றாக அறுபட அறுபடக் கூட்டமும் கரைந்தது. கோவையிலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறவர்களுக்கு இன்று அது புலிகள் காப்பகம். இருபது, முப்பது வருடங்களுக்கு முன்னால் அந்த மலைத்தொடரில் நடந்ததை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். வீரப்பனின் ஊர் கோபிநத்தம். கர்நாடக எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் பேச்சு தமிழ். காரணம் எளிது. கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது அந்தத் தாலுகா அப்போதைய மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு போட்டது காகிதத்தில். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் மேட்டூர், கொளத்தூர், அந்தியூர், பர்கூர் என்று பழையபடியே தொடர்ந்தன. இரண்டு மாநிலக் காடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, காவல்துறையும் வனத்துறையும் மட்டும் தனித்தனி. ஒரு பக்கம் குற்றம் செய்துவிட்டு மறுபக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வசதி வேறு இல்லை. கூட்டம் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு வீரப்பனுடைய சாமர்த்தியத்தைச் சொல்வார்கள். எனக்கு இந்த எல்லைக்கோடுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

கூசே முனிசாமி வீரப்பன் 1952-ல் பிறந்தான். பையனாக இருந்தபோதே ஊரில் வேட்டைத்தொழில் பார்த்த மூத்தவர்களோடு காட்டுக்குள் போய் யானை சுடக் கற்றுக்கொண்டான். ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே தந்தம். அதனால் கொம்பன்களாகப் பார்த்துச் சுட்டார்கள். நீலகிரி முதல் பிலிகிரி ரங்கன் மலை வரை பெட்டை யானைகளுக்கு ஈடாக ஆண் யானைகள் இல்லாமல் போனதற்கு இப்படிப்பட்ட பல வேட்டைக் கூட்டங்கள் காரணம். 1986-ல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு இந்தியத் தந்த வியாபாரம் தடைபட்டது. 1989-ல் உலக அளவிலும் தந்த வணிகத்துக்குத் தடை முடிவானது. வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், சுடுவதற்குக் கொம்பன்களும் குறைந்தன. கூட்டத்தின் கை சந்தன மரத்துக்குத் திரும்பியது.

சந்தனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தப் பணமும் அங்கேதான் இருந்தது. சந்தனம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும் மரம். வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டைக்கு மணமும் இல்லை, விலையும் இல்லை. உள்ளே வைரம் பாய்ந்த பகுதியிலும் வேரிலும்தான் எண்ணெய். நல்ல வைரம் பாய முப்பது வருடமாவது ஆகும். ஆகவே காட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்ததும் வேரோடு தோண்டியெடுத்து, அங்கேயே உட்கார்ந்து வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் துண்டு போட்டுத் தலைச்சுமையாக இறக்குவார்கள். இது ஓரிருவர் செய்யும் வேலையில்லை. பத்து நாள், இருபது நாள் காட்டிலேயே தங்கிச் செய்ய ஒரு படையே வேண்டும். அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், கூலி வேண்டும். மானாவாரி ராகியையும் ஆட்டையும் தவிர வேறு வருமானம் இல்லாத மலையடிவார ஊர்களில் கையில் ரொக்கமாகக் கூலி கொடுத்தது அந்தக் காலத்தில் சந்தன வேலை ஒன்றுதான். தப்பென்று தெரிந்தும் போனவர்கள் பலர், மிரட்டலுக்குப் பயந்து போனவர்களும் உண்டு.

சட்டமும் ஒரு வகையில் கள்ளச்சந்தைக்கு உரமிட்டது. 2002 வாக்கில் விதிகள் தளர்த்தப்படும் வரை, தமிழ்நாட்டில் தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட விவசாயி வெட்டி விற்க முடியாது; அது அரசின் சொத்து. எனவே எவரும் வளர்க்கவில்லை. சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் தேவை மட்டும் கூடிக்கொண்டே போனது. சத்தியமங்கலம் அரசுக் கிடங்கில் ஏலம் போன கட்டை ஒரு பக்கம் இருக்க, இரவில் இறங்கிய கட்டை மறுபக்கம் போயிற்று. கேரளத்தில் நடந்த சந்தன எண்ணெய் ஆலைகளுக்குத் தமிழ்நாட்டுக் கள்ளக்கட்டை போவது அன்று ஊரறிந்த ரகசியம். காட்டில் வெட்டினவனுக்குக் கூலி, கூட்டத்துக்கு ஒரு பங்கு, பெரும் லாபமோ சமவெளியில் இருந்தவர்களுக்கு.

இப்படி நூறு பேர் புழங்கும் தொழிலில் காட்டிக்கொடுக்காமல் இருக்கப்போவது யார்? அண்ணன் மாதையன், தம்பி அர்ஜுனன், அவர்களைச் சுற்றி மாமன் மச்சான், பங்காளி, ஊர்க்காரர் என்று உள்வட்டம் அமைந்தது. இத்தாலியின் தெற்கு மூலையில் கலாபிரியா என்றொரு பகுதி. அங்கே பிறந்த ந்திரங்கெட்டா என்னும் குற்றக் கூட்டத்தைப் பற்றியும் இதையே சொல்வார்கள். சிசிலி மாஃபியாவில் பலர் அப்ரூவராக மாறினார்கள், ந்திரங்கெட்டாவில் வெகு சிலரே மாறினார்கள். காட்டிக்கொடுப்பதென்றால் சொந்த அப்பனையும் மச்சானையும் அல்லவா காட்டிக்கொடுக்க வேண்டும்! கோபிநத்தத்திலும் அதே கணக்குத்தான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. கூலிக்கு வந்தவன் செத்தால் வேறொருவனை அமர்த்தலாம். தம்பி செத்தால் யாரை அமர்த்துவது? அதோடு, வீட்டில் விழும் ஒவ்வொரு சாவும் பழி தீர்க்கும் கணக்காக மாறிவிடும். வீரப்பன் செய்த கொலைகளில் பல, தொழிலுக்கு எந்த லாபமும் தராதவை. வஞ்சத்துக்காகச் செய்தவை.

1986-ல் வீரப்பன் ஒருமுறை பிடிபட்டான். பூதிபடகா வன விடுதியில் அடைத்து வைத்திருந்தபோது தப்பிவிட்டான். எப்படித் தப்பினான் என்பதற்கு நம்பும்படியான விளக்கம் இன்றுவரை இல்லை. மறு ஆண்டு, சத்தியமங்கலம் வனப்பகுதியில் ரேஞ்சர் சிதம்பரம் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் அண்ணன் மாதையன் சிக்கி ஆயுள் தண்டனை பெற்றான். வீட்டின் முதல் இழப்பு அது. போட்டிக் கூட்டத்து ஆட்களைத் தீர்த்துக்கட்டியதும், கருங்கல் குவாரி முதலாளிகளை மிரட்டிப் பணம் பறித்ததும் இதே காலத்தை ஒட்டித்தான்.

அடுத்து சொல்ல வேண்டியவர் பி. சீனிவாஸ். ஆந்திரத்தைச் சேர்ந்த இந்திய வனப்பணி அதிகாரி. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் இவர்தான். துப்பாக்கியால் ஊரை மிரட்டி வீரப்பனைப் பிடிக்க முடியாது, ஊரே அவனை விட்டு விலகினால்தான் முடியும் என்று நினைத்தார். கோபிநத்தத்திலேயே போய்த் தங்கினார். மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார், மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார், சந்தன வேலையை விட்டு வந்தவர்களுக்கு வழக்கிலிருந்து மீள உதவினார். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் அவர் படத்தை வைத்து மரியாதை செய்கிறார்கள். வீரப்பன் ஊரில், வீரப்பனைப் பிடிக்க வந்த அதிகாரிக்கு! ஊர் முழுவதும் கொள்ளைக்காரன் பக்கம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.

கூட்டத்தைச் சொந்தத்தின் வழியாகவே உடைக்கலாம் என்று சீனிவாஸ் சரியாகக் கணித்திருந்தார். அர்ஜுனனிடம் பேசினார். ஆனால் இதற்கிடையே வீரப்பனின் தங்கை மாரியம்மாள் தற்கொலை செய்துகொண்டாள். அதற்குச் சீனிவாஸ்தான் காரணம் என்று வீரப்பன் வஞ்சம் வைத்தான். சரணடைகிறேன் என்று தம்பி மூலம் சொல்லி அனுப்ப, சீனிவாஸ் நம்பிப் போனார். 1991 நவம்பர் 10-ம் தேதி அவரைச் சுட்டு, தலையை வெட்டி எடுத்தார்கள். அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. அன்போடு அணுகும் வழி அவரோடு முடிந்தது. அதன்பிறகு இரு தரப்பிலும் ரத்தம்தான்.

1992 ஆகஸ்டில் ரகசியத் தகவலை நம்பிப் போன மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் பதுங்கியிருந்து தாக்கிக் கொல்லப்பட்டார்கள். 1993 ஏப்ரல் 9-ம் தேதி பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். போலீஸ்காரர்களோடு, வழிகாட்டவும் துப்புச் சொல்லவும் கூட வந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 'ராம்போ' என்று அழைக்கப்பட்ட எஸ்.பி. கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு பிழைத்தார். இதன்பிறகு இரு மாநில அதிரடிப்படைகளும் முழுவேகத்தில் இறங்கின. தமிழகப் படைக்கு வால்டர் தேவாரம், கர்நாடகப் படைக்குச் சங்கர் பிதரி. எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தது.

கூட்டத்தின் முதுகெலும்பை உடைத்தது இந்த மூன்று வருட வேட்டைதான் என்பதை மறுக்க முடியாது. நூறு பேருக்கு மேல் என்று சொல்லப்பட்ட கூட்டம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. ஆனால் அது எந்த விலைக்கு நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொந்தபந்தம்தான் கூட்டத்தின் பலம் என்று போலீசும் கண்டுகொண்டது. எனவே சொந்தபந்தம் முழுவதையும் பிடித்தது. அங்கிருந்து, ஒரே சாதி, ஒரே ஊர், ஒரே மலை என்று வட்டம் பெருகியது. சோளகர், ஊராளி, லிங்காயத் மக்கள், அடிவாரத்து விவசாயிகள் என்று எவரும் தப்பவில்லை. அரிசி கொஞ்சம் அதிகமாக வாங்கினால் யாருக்கு என்று கேள்வி. சீமாறுப் புல்லும் கடுக்காயும் தேனும் எடுக்கக் காட்டுக்குள் போனால் சந்தேகம். இரவில் வீரப்பன் ஆட்கள் வந்து சோறு கேட்பார்கள். கொடுத்தால் காலையில் அதிரடிப்படை கேட்கும், கொடுக்காவிட்டால் இரவே உயிர் போகும். போலீசுக்குத் துப்புச் சொன்னதாக வீரப்பன் கொன்ற ஊர்க்காரர்களும் ஏழைகள்தான்.

மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை முகாமில் விசாரணை நடந்த இடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர். காதிலும் விரலிலும் கம்பி மாட்டி மின்சாரம் பாய்ச்சியதை அங்கிருந்து உயிரோடு திரும்பியவர்கள் பிறகு சாட்சியாகச் சொன்னார்கள். பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளைச் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த விசாரணையின் முடிவில் 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னார்கள். பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர் ச. பாலமுருகன் இந்த மக்களோடு நின்றவர். 'சோளகர் தொட்டி' நாவலை எழுதியவரும் அவரே. வீரப்பனைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எந்தப் படத்துக்கும் முன்னால் அதை வாசிக்கலாம்.

சந்தனத்தின் பெயரால் நடந்த இன்னொரு கொடுமையையும் இங்கே விட்டுவிட முடியாது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20-ம் தேதி, பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வழக்கு 19 வருடம் நடந்தது. 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது வீரப்பன் கூட்டத்தின் கதையில் சேராது. ஆனால் சந்தனக்கட்டை விஷயத்தில் மலைவாசி என்றாலே திருடன் என்று பார்த்த கண் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கூட்டத்தின் கதைக்கு வருவோம். 1994 டிசம்பரில் டி.எஸ்.பி. சிதம்பரநாதனையும் அவரோடு இருந்தவர்களையும் வீரப்பன் கடத்தினான். பேச்சுவார்த்தைக்காகத் தம்பி அர்ஜுனனே மலையிறங்கிக் கோவைக்கு வந்தான். எவன் தலைக்குப் பரிசு அறிவித்துத் தேடினார்களோ, அவன் தம்பி அரசு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுகிறான் என்று கோவை வாயடைத்துப் போயிருந்தது. பிணைக்கைதிகள் மீண்டார்கள், அர்ஜுனன் சிறைக்குப் போனான். 1995-ல் கர்நாடகப் போலீஸ் காவலில் இருந்தபோது செத்தான். சயனைடு தின்றுவிட்டான் என்றது போலீஸ். கொன்றுவிட்டார்கள் என்றான் வீரப்பன்.

என் பார்வையில் கூட்டம் உண்மையில் முடிந்தது அன்றைக்குத்தான். அண்ணன் சிறையில், தங்கையும் தம்பியும் இல்லை, மனைவி முத்துலட்சுமி போலீஸ் பிடியில் சிக்கி வெளியே வந்தவர். சேத்துக்குளி கோவிந்தன் போல இரண்டொரு பழைய ஆட்கள் மட்டும் பக்கத்தில். சுமக்க ஆள் இல்லாமல் சந்தனம் வெட்டுவது எப்படி? தொழில் ஆள்கடத்தலாக மாறியது. அதற்கு நாலைந்து பேர் போதும். 1997-ல் கர்நாடக வனத்துறை ஊழியர்களையும், பிறகு பந்திப்பூரில் கிருபாகர், சேனானி என்ற இரண்டு வனவிலங்குப் படக்காரர்களையும் கடத்தினார்கள். பணமும் பொதுமன்னிப்பும்தான் கேட்டது.

2000 ஜூலை 30-ம் தேதி இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது கூட்டத்தில் புதிய முகங்கள் இருந்தன. தமிழ்நாடு விடுதலைப்படை போன்ற தீவிர அமைப்புகளின் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். கோரிக்கைகளிலும் அந்த மாற்றம் தெரிந்தது: காவிரி நீர், பெங்களூரில் திருவள்ளுவர் சிலை, தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்ட கைதிகள் விடுதலை. நக்கீரன் கோபாலும் பின்னர் பழ. நெடுமாறன் முதலானோரும் தூது போனார்கள். 108 நாள் கழித்து, நவம்பர் 15-ம் தேதி ராஜ்குமார் விடுதலையானார்.

அந்த 108 நாளில் எல்லாரும் ஒரு நடிகரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான அப்பா உச்சநீதிமன்றத்துக்குப் போனார். அவர் பெயர் அப்துல் கரீம். 1992-ல் கொல்லப்பட்ட சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தகப்பனார். பிணைக்கைதிக்காகத் தடா கைதிகளை விடுவிக்கக் கர்நாடக அரசு எடுத்த முடிவை எதிர்த்து வழக்காடினார். நவம்பர் 7-ம் தேதி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்த விவகாரம் முழுவதிலும் சட்டம் நிமிர்ந்து நின்ற சில நாட்களில் அது ஒன்று. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அப்படி மைசூர் சிறையில் வருடக்கணக்கில் கிடந்தவர்களில் பலர், பின்னால் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்ட சாதாரண ஊர்க்காரர்கள்.

2002 ஆகஸ்டில் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவை வீரப்பன் கடத்தினான். டிசம்பரில் அவர் உடல் காட்டில் கிடைத்தது. ராஜ்குமார் விஷயத்தில் அவன் மீது இருந்த கொஞ்சநஞ்ச அனுதாபமும் அதோடு போயிற்று.

கடைசி அத்தியாயம் சிறியது. கே. விஜயகுமார் தலைமையில் தமிழக அதிரடிப்படை காட்டுக்குள் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, அவனை வெளியே வரவழைக்கத் திட்டம் போட்டது. வீரப்பனுக்குக் கண்ணில் கோளாறு, பார்வை மங்கிவந்தது. சிகிச்சைக்கு வெளியே கூட்டிப்போக நம்பகமான ஆள் தேவைப்பட்டது. முன்பென்றால் அர்ஜுனன் செய்திருப்பான். இப்போது அந்த வேலைக்கு வந்தவர்கள் போலீஸ் அனுப்பிய ஆட்கள். 2004 அக்டோபர் 18-ம் தேதி இரவு, சேலம் மருத்துவமனை ஒன்றின் பெயர் எழுதிய ஆம்புலன்சில் வீரப்பன், சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேதுமணி நான்கு பேரும் ஏறினார்கள். ஓட்டியவர் போலீஸ்காரர். தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வண்டி நிறுத்தப்பட்டது. சரணடையச் சொன்னோம், சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்பது காவல்துறையின் விளக்கம். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதிரடிப்படையினருக்குத் தமிழக அரசு பதவி உயர்வும், ஆளுக்கு 3 லட்சம் ரூபாயும், வீட்டுமனையும் கொடுத்தது. வீரப்பனை மேட்டூர் அருகே மூலக்காட்டில் புதைத்தார்கள்.

உயிரோடு பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவன் மீது இரக்கப்பட்டு அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தவன் அவன். கட்டையை யார் வாங்கினார்கள், எந்த லாரி யாருடையது, எந்தச் சோதனைச்சாவடியில் எவ்வளவு போயிற்று, 1986-ல் வன விடுதிக் கதவைத் திறந்துவிட்டது யார் என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து பதிவாகியிருக்க வேண்டும். காட்டில் வெட்டினவன், சுமந்தவன், சோறு போட்டவன் எல்லாரும் சிறையைப் பார்த்தார்கள். சந்தனத்தில் பெரும் பணம் சேர்த்த வியாபாரிகள் வெளிச்சத்துக்கே வரவில்லை.

பாலாறு வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் தண்டனையை, கருணை மனு மீதான தாமதத்தைக் காரணம் காட்டி உச்சநீதிமன்றம் 2014 ஜனவரியில் ஆயுளாகக் குறைத்தது. அண்ணன் மாதையன் 1987-ல் உள்ளே போனவன், கோவை மத்திய சிறையிலும் பிறகு சேலம் சிறையிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் கழித்தான். விடுதலை கேட்டு எழுந்த கோரிக்கைகள் பலிக்கவில்லை. 2022 மே மாதம் சேலம் அரசு மருத்துவமனையில், கைதியாகவே இறந்தான். நிவாரணப் பட்டியலில் இடம்பெறாத மலைக்கிராமத்துக் குடும்பங்களோ இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கின்றன.